பாடநூலும் கள்ளாமை விரதமும்

வைகாசி பிறந்தால் நம் இல்லங்கள் பலவற்றில் கணக்குப் பார்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்து, விற்ற பணத்தைக் கொண்டு மகனையோ மகளையோ சென்னைக்கும் கோவைக்கும் படிக்க அனுப்பும் குடும்பங்கள் நம்மவருள் பல. கல்லூரிக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறைக்க இயலாது. தேர்வுக் கட்டணமும் அவ்வாறே. குறைக்க இடந்தருவன இரண்டே செலவுகள். ஒன்று பாடநூல், மற்றொன்று விடுதி. ஆகவே பெற்றோரின் சிக்கனம் முழுவதும் இவ்விரண்டின் மீதே வந்து விழுகிறது.

அது இயல்பே. ஆனால் இவ்விரண்டு இடங்களில்தான் நம் பிள்ளைகளின் அணுவிரதமும் முதன்முதலாகச் சோதிக்கப்படுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொல்லாமையை நாம் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டிவிடுகிறோம். எறும்பை மிதியாதே என்று சொல்லி வளர்க்கிறோம். கள்ளாமையை அவ்வளவு நுட்பமாகக் கற்பிப்பதில்லை. பிறர் பையில் கைவிடாதவன் கள்ளாமையைக் காத்துவிட்டான் என்றே பெரும்பாலோர் கருதுகிறோம். கல்லூரி வாழ்க்கையோ பையில் கைவிடாமலேயே பிறர் பொருளைக் கொள்ளும் வழிகள் பலவற்றைக் காட்டித் தருகிறது. அவ்வழிகள் யாவற்றிற்கும் சிக்கனம் என்றே பெயரும் சூட்டப்படுகிறது.

எனவே இக்கட்டுரையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சிக்கனம் எப்போது அறமாகிறது? எப்போது உலோபமாகிறது? எப்போது களவாகிறது? மூன்றின் முடிவிலும் கையில் மிஞ்சும் தொகை ஒன்றே. நூறு ரூபாய் மிச்சம் என்றால் மூன்று வழியிலும் நூறு ரூபாயே. பணத்தைப் பார்த்து வேறுபாட்டை அறிய முடியாது. அந்த நூறு ரூபாயை நாம் கொடுக்கவில்லையென்றால் வேறு யார் கொடுத்தார் என்று கேட்டால் மட்டுமே அறிய முடியும். எவரும் கொடுக்க வேண்டியிராத செலவைத் தவிர்த்தது சிக்கனம். தமக்கும் பிறர்க்கும் பயன்படாமல் பூட்டி வைத்தது உலோபம். நாம் கொடுக்க வேண்டியதைப் பிறர் தலையில் சுமத்தியது களவு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர் ஒருவரின் ஓராண்டைத் தொடர்ந்து பார்ப்போம்.

நூல் வாங்குமுன்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு நூற்பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். புதிய மாணவர் அஞ்சி, பட்டியலில் உள்ள அனைத்தையும் வாங்கிவிடுவார். ஆசிரியப் பணியில் பல்லாண்டு நின்ற அனுபவத்தால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். அப்பட்டியலில் சில நூல்கள் நாள்தோறும் வேண்டுவன. சில, இரண்டோர் இயல்களுக்கு மட்டுமே வேண்டுவன. சில, பட்டியலுக்கு அழகு சேர்ப்பதற்காகவே இடம்பெற்றவை. இரண்டு வாரம் பொறுத்திருந்து, முந்திய ஆண்டு மாணவரையும் ஆசிரியரையும் கேட்டபின் வாங்குபவர் பாதிச் செலவைத் தவிர்க்கலாம். இதனால் எவர்க்கும் இழப்பில்லை. வேண்டாததை வாங்காமல் விடுவது பொருள் வரைதல் என்னும் நம் விரதத்தின் முதற்படியேயாகும்.

முந்திய பதிப்பைத் தேடுவதும் நல்வழி. புதிய பதிப்பு என்று வருவனவற்றுள் பலவற்றில் பயிற்சி வினாக்களின் வரிசையும் பக்க எண்ணும் மாறியிருக்கும். பொருள் அதுவாகவே இருக்கும். உள்ளடக்கப் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கால்மணி நேரத்தில் இது தெரிந்துவிடும். சட்டம், வரிவிதிப்பு, மருந்தியல் போன்ற துறைகளில் மட்டும் பழைய பதிப்பு தீங்கு செய்யும்; அவற்றில் புதியதையே கொள்ளல் வேண்டும்.

பழைய நூல் வாங்குவதை இழிவாகக் கருதும் பெற்றோர் இன்று பெருகிவருகின்றனர். சென்னையில் 1985 மே மாதம் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளால் படித்து மேல்நிலைக்கு வந்தவர் எத்தனையோ பேர். திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலை என்று வழங்கிய பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளும் அத்தகையனவே. முன்னர் ஒருவர் முழுவிலை கொடுத்து வாங்கிய நூல், ஆசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் உரிய பங்கை அப்போதே செலுத்திவிட்டது. அதனை இரண்டாமவர், மூன்றாமவர் வாங்கிப் படிப்பதில் எவர் பங்கும் குறைவதில்லை. இப்படிக் கைமாறிய நூலே மிகத் தூய சிக்கனம் என்று சொல்லத் தகும்.

நூலகங்களையும் மறத்தலாகாது. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896 முதல் நிற்கிறது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டது; சொந்த நூல்களைக் கொண்டுசென்று படிப்பதற்கும் அங்குத் தனிப்பகுதி உண்டு. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறக்கப்பட்டது. இல்லத்தில் இருந்தபடியே பயன்கொள்ளத் தேசிய மின்னூலகமும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் வழங்கும் இலவச விரிவுரைகளும் உள்ளன. இவற்றைத் தேடிச் செல்லும் உழைப்பை மாணவர் செலுத்துகிறார். அந்த உழைப்பே அவர் கொடுக்கும் விலை.

இங்கு ஆசிரியர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும். ஒரு நூலைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று சொல்லுமுன் அதன் விலையை நாம் பார்த்தோமா? அதே பொருளை மலிவான நூல் ஒன்று கூறுகிறதா என்று தேடினோமா? நம் நாவிலிருந்து வரும் ஒரு சொல் அறுபது குடும்பங்களின் பையைத் திறக்கிறது. அச்சொல்லை அலட்சியமாகச் சொல்வதும் பிறர் பொருளைக் கவர்தலுக்குத் தொலைவில் உள்ளதன்று.

ஐந்து அதிசாரங்கள்

கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. சிராவக ஒழுக்கம் உரைக்கும் நூல்களும் அவ்வாறே கூறுகின்றன. களவைத் தூண்டுதல், களவாடிய பொருளைக் கொள்ளுதல், அரசின் சட்டத்தை மீறுதல், குறைத்தளந்து கொடுத்து மிகுத்தளந்து வாங்குதல், போலிப் பொருளை உண்மைப் பொருளாக வழங்குதல். இவை வணிகர்க்கு உரைத்த விதிகள் என்று எண்ணி நாம் கடந்து சென்றுவிடுகிறோம். மாணவர் வாழ்வில் இவ்வைந்தும் வரிசையாக வந்து நிற்பதைக் காணுங்கள்.

புகழ்பெற்ற பாடநூல் ஒன்றைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு நடைபாதையில் பாதிவிலைக்கு விற்பவர் போலிப் பொருளை வழங்குகிறார். அதை அறிந்தே வாங்குபவர் களவாடிய பொருளைக் கொள்கிறார். அக்கடையின் முகவரியை இளையவர்க்குச் சொல்லி அனுப்பும் மூத்த மாணவர் களவைத் தூண்டுகிறார். 'எங்கே மலிவோ அங்கே வாங்கு. அவன் எப்படிக் கொண்டுவந்தான் என்பது நமக்கு எதற்கு' என்று தொலைபேசியில் அறிவுரை கூறும் தந்தையும் அதே குற்றத்தின் பங்காளியே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் சமயம் நமக்குத் திரும்பத் திரும்பக் கூறிய பாடமன்றோ?

போலி அச்சில் வேறொரு தீங்கும் உண்டு. மங்கிய அச்சில் ஒரு தசமப் புள்ளி மறைந்துபோனால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். செவிலியர் பயிற்சி பெறும் பெண் அந்நூலைப் படித்து அதையே மனத்தில் பதித்துக்கொண்டால், அச்சிட்டவன் செய்த களவின் விலையை எங்கோ ஒரு நோயாளி கொடுக்க நேரும். கள்ளாமை தவறிய இடத்தில் கொல்லாமையும் நிலைகொள்ளாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அளவைக் குற்றம் இன்னும் நுட்பமானது. நான்கு மாணவர் சேர்ந்து 600 ரூபாய் நூலை ஆளுக்கு 150 ரூபாய் கொடுத்து வாங்குகின்றனர் என்று கொள்வோம். மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் தேர்வுக்கு முந்திய வாரம் முழுவதும் ஒருவரே அதைத் தம் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டால், அவர் 150 ரூபாய்க்கு 600 ரூபாயின் பயனை அளந்துகொண்டார். நூலைக் கூட்டாக வாங்கும் நாளிலேயே எவர் எந்நாளில் வைத்துக்கொள்வது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளல் நட்பையும் விரதத்தையும் ஒருங்கே காக்கும்.

நகலெடுத்தல் களவா?

இனி, பெற்றோரும் மாணவரும் அடிக்கடி எழுப்பும் வினாவிற்கு வருவோம். நூலின் சில இயல்களை ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பதும் களவாகுமா?

இவ்வினா நாட்டின் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலெடுப்புக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் 2012இல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து ஒரு தொகுப்பாக்கி மாணவர்க்கு விற்றது குற்றம் என்பது அவற்றின் வாதம். அப்பதிப்பகங்களின் நூலாசிரியர் பலரே, அமர்த்தியா சென் உள்பட, வழக்கைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டனர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் நகலெடுத்தலுக்கு விலக்களிக்கிறது என்று கூறித் தில்லி உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் இருவர் அமர்வு, எடுத்த பகுதிகள் கற்பித்தலுக்குத் தேவையானவைதாமா என்பதை மட்டும் விசாரிக்கப் பணித்து, விலக்கின் கொள்கையை உறுதிசெய்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆக, பாடத்திற்கு வேண்டிய இயல்களை நகலெடுத்துப் படிக்கும் மாணவரைச் சட்டம் கள்வர் என்று கூறவில்லை. நம் அளவுகோலும் அதற்கு மாறாகக் கூறாது. இரண்டு இயல்களுக்காக மூவாயிரம் ரூபாய் நூலை அவர் எந்நாளும் வாங்கியிருக்கப் போவதில்லை. ஆதலால் அவர் நகலெடுத்ததனால் ஒருவர் பையிலிருந்தும் பணம் எடுக்கப்படவில்லை. ஆனால் வாங்கும் வசதியுள்ளவர், கடையில் நியாய விலையில் கிடைக்கும் நூலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்துக் கட்டிக்கொள்ளும்போது கணக்கு மாறிவிடுகிறது. பல ஆண்டு உழைத்து எழுதிய ஆசிரியரும், எழுத்துக் கோத்தவரும், அச்சிட்டவரும் அங்கே தம் கூலியை இழக்கின்றனர். வாட்ஸப்பில் சுற்றிவரும் திருட்டு மின்படிகளுக்கும் இதே நீதிதான். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்ந்ததால் அதன் உரிமை மறைந்துவிடவில்லை.

ஒரு படி மேலும் சென்று கேட்போர் உண்டு. வாங்க வழியே இல்லாத ஏழை மாணவி, தேர்வு நெருங்குகிறது, நூலகத்தில் உள்ள ஒரே படியை வேறொருவர் வைத்திருக்கிறார் என்றால், அவள் என்ன செய்வாள்? அவள் கையில் ஒரு திருட்டுப் படி வந்து சேர்ந்தால் அதை மறுத்துவிட்டுத் தேர்வில் தோற்க வேண்டுமா? எளிதாக விடை கூறத்தக்க கேள்வி அன்று. விடை கூறுமுன் நம் சமய வரலாற்றிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவுகொள்வது நலம்.

ஷட்கண்டாகமமும் அதன் பேருரையான தவளமும் நெடுங்காலம் கருநாடகத்து மூடபித்திரியில் மட்டுமே ஓலைச்சுவடிகளாகப் பூட்டிக் காக்கப்பட்டு வந்தன. தரிசித்து வணங்கலாம், படித்தற்கில்லை. பெருமுயற்சிக்குப் பின் 1896 முதல் அவற்றைப் படியெடுக்க இசைவு கிடைத்தது. ஆயினும் படிகளும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படியெடுத்த பண்டிதர்களுள் ஒருவரான கஜபதி என்பாரும் அவர்தம் துணைவியாரும் எவரும் அறியாமல் கன்னட எழுத்தில் தனியே ஒரு படி எடுத்தனர். அது வடநாட்டுச் சகாரன்பூரை அடைந்தது. அதன் வழிப் பிறந்த படிகளைக் கொண்டே பேராசிரியர் ஹீராலால் ஜெயின் 1939 முதல் தொகுதி தொகுதியாகப் பதிப்பிக்கலானார். இன்று நாம் அவ்வாகமத்தைக் கையில் ஏந்துவதற்கு அந்த இரகசியப் படியே காரணமாயிற்று.

அச்செயல் அறமா, களவா? நம்பி ஒப்படைத்தவர்க்குச் செய்த வாக்கு மீறப்பட்டது என்பதை மறைத்துப் பயனில்லை. அதனை அறம் என்று கூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் அது நிகழாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணவும் மனம் ஒருப்படவில்லை. இந்த இடர்ப்பாட்டில் நாம் காணத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஞானத்தைப் பூட்டி வைத்த இடத்தில் நல்லவரும் களவிற்குத் தள்ளப்படுகின்றனர். அவ்வினையில் பூட்டியவர்க்கும் பங்குண்டு. ஏழை மாணவியின் கேள்விக்கும் இதுவே விடை. அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன், அவளுக்கு வேண்டிய நூல் எவர் வீட்டுப் பரணில் உறங்கிக்கொண்டிருக்கிறது என்று நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

விடுதியை விட்டு வெளியேறுதல்

பரணுக்குப் பின்னர் வருவோம். அதற்குமுன் விடுதிக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் உணவுச் செலவைப் பகிர்ந்து கட்டும் முறை உண்டு. மாணவர் இதனை 'டிவைடிங்' என்பர். மாதத்தின் மொத்தச் செலவை, உண்டவரின் நாட்கணக்கால் வகுத்து ஒவ்வொருவர்க்கும் தொகை விதிப்பர். இம்முறையைப் போல அறத்தைக் கண்முன் காட்டும் கணக்கு வேறில்லை. தட்டில் சோற்றைக் கொட்டி எழுந்து செல்பவரின் செலவை அருகில் அமர்ந்து அளவாக உண்டவரும் சேர்ந்தே கட்டுகிறார். பெயர் பதியாமல் விருந்தாளியை அழைத்துவந்து உண்பிப்பவர் நண்பர் அனைவரின் பையிலிருந்தும் சில காசுகளை எடுக்கிறார். ஒருவர்க்கு எட்டணா, பத்தணா என்று பிரிந்துவிடுவதால் அது களவென்று எவர்க்கும் தோன்றுவதில்லை. பலரிடம் சிறிது சிறிதாக எடுத்தாலும் எடுத்தது எடுத்ததே.

நம் பிள்ளைகளுக்கு விடுதியில் வேறோர் இடரும் உண்டு. அந்தி சாய்ந்தபின் உண்ணாத விரதமுடையவர்க்கு, எட்டு மணிக்கு வரும் இரவு உணவு பயன்படாது. கிழங்கு வகைகளைத் தவிர்ப்பவர்க்குச் சில நாட்களில் வெறுஞ்சோறும் மோருமே மிஞ்சும். உண்ணாத உணவுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இதனால் இரண்டாம் ஆண்டிலேயே விடுதியை விட்டு வெளியேறி, நால்வராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தாமே சமைத்து உண்ண விரும்புகின்றனர். விரதம் காக்கவும் செலவு குறைக்கவும் இது நல்ல வழியே. ஆயினும் கணக்கை முழுதும் பார்த்துப் புறப்பட வேண்டும்.

வாடகை ஒன்றை மட்டும் விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஏமாறுவோர் பலர். முன்பணம், மின்கட்டணம், அடுப்பு, பாத்திரம், பேருந்துச் செலவு, விடுமுறை மாதங்களிலும் கொடுக்க வேண்டிய வாடகை ஆகிய அனைத்தையும் கூட்டி, பன்னிரண்டு மாதத்திற்கு எழுதிப் பார்க்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கொள்ளுதல் ஆகாது என்கிறது. ஆதலின் ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடலாகாது. இருவர் என்று சொல்லி அறை எடுத்து அறுவர் தங்குவதோ பொய்யாமையையும் கள்ளாமையையும் ஒரே நாளில் இழப்பதாகும். அந்த நால்வரின் தண்ணீர்ச் செலவையும் கழிவுநீர்த் தொட்டிச் செலவையும் வீட்டுக்காரர் கட்டுகிறார். மிச்சம் மாணவர் பையில் சேர்கிறது.

வெளியேறும் நாளும் ஒரு சோதனை நாளே. ஆண்டின் இறுதியில் விடுதி அறைகளைப் பார்த்தவர்க்கு இது தெரியும். கிழிந்த மெத்தை, உடைந்த வாளி, பாதி தீர்ந்த ஊறுகாய்ப் புட்டி, ரொட்டித் துண்டு, குவியல் குவியலாகத் தாள்கள். ஏற்றிச் செல்லும் வண்டிக்கூலி மிச்சம் என்று அனைத்தையும் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்கின்றனர். கோடை விடுமுறை முழுவதும் அடைபட்ட அறையில் அவ்வுணவுப் பொருள்களில் எறும்பும் கரப்பும் புழுவும் பெருகுகின்றன. அறையை மீண்டும் திறக்கும் நாளில் மருந்தடித்து அவற்றைக் கொல்கின்றனர். எறும்பை மிதியாமல் வளர்ந்த பிள்ளை ஒரு வண்டிக்கூலி மிச்சத்திற்காக ஆயிரம் உயிர்களுக்குப் பிறப்பும் இறப்பும் ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறது. அள்ளிக் கொட்டும் துப்புரவுத் தொழிலாளர்க்கு அதற்கெனக் கூடுதல் கூலியும் இல்லை.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே உணவுப் பொருளைத் தீர்த்துவிட வேண்டும். வாளி, பாய், விளக்கு, சமையற்கலம் முதலியவற்றைத் துடைத்து, அடுத்த ஆண்டு வரும் மாணவர்க்கென விடுதிக் காப்பாளரிடம் பட்டியலிட்டு ஒப்படைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரம் மாணவர் ஆயிரம் வாளி வாங்கி ஆயிரம் வாளி எறிவது எவர்க்கும் பயன் தராத செலவு. அறையை நாம் வந்த நாளில் இருந்ததினும் தூய்மையாக விட்டுச் செல்லுதல், காப்புத்தொகையைத் திரும்பப் பெறுதற்கு மட்டுமன்று. அடுத்து வருபவர்க்கு நாம் செய்யும் முதல் உபசாரமும் அதுவே.

பரணில் உறங்கும் நூல்

இனிப் பரணுக்கு வருவோம். மேற்கூறிய யாவற்றையும் காத்து, நேர்மையாக வாங்கி, நேர்மையாகப் படித்து, பட்டமும் பெற்ற மாணவர் நூல்களைக் கட்டி வீட்டிற்குக் கொண்டுவருகிறார். பெற்றோர் அவற்றைப் பெருமையோடு பரண்மேல் ஏற்றுகின்றனர். 'விலை கொடுத்து வாங்கியது, இருக்கட்டும்' என்கின்றனர். பத்தாண்டு கழித்துச் செல்லரித்த தாளாக அவை எடைக்குப் போகின்றன. சிக்கனமாகத் தொடங்கியது உலோபமாக முடிந்தது.

பொருள் இருப்பது பற்றன்று, அப்பொருளில் மனம் மயங்கிக் கிடப்பதே பற்று என்று நம் ஆசாரியர் உரைத்தனர். படித்து முடித்த பாடநூலை நாம் ஏன் விடாமல் வைத்திருக்கிறோம்? மீண்டும் படிக்கப் போவதில்லை. விற்கவும் மனமில்லை. நம்முடையது என்னும் ஒரே காரணத்தால் வைத்திருக்கிறோம். மூடபித்திரியின் பூட்டைப் பற்றி வருந்துகிற நாம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு மூடபித்திரியைப் பரண்மேல் வைத்திருக்கிறோம்.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது கன்னட நாட்டு வரலாறு. அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படி என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தாணி, எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி! எழுதியோர் கூலியும் பெற்றனர். படிப்போர் நூலும் பெற்றனர். எவர் பங்கும் பறிக்கப்படவில்லை. நகலெடுத்தல் முழுத் தூய்மையோடு நிகழ்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் ஆராயத் தொடங்கிய நாளில், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அவர்கள் தம் சுவடிகளையும் தாம் மரபாகப் பயின்ற பொருளையும் வேறு சமயத்தவர் என்று பாராமல் அவர்க்கு உதவினர். 1887இல் அந்நூல் அச்சேறியது. நம் முன்னோர் சுவடியைப் பூட்டி வைத்திருந்தால் இழப்பு நமக்கே ஆகியிருக்கும்.

சமயநூலுக்கு உரிய இச்சிறப்பைக் கணிதத்திற்கும் உடற்கூற்றியலுக்கும் எப்படித் தருவது என்று சிலர் ஐயுறலாம். ஒரு பிள்ளையின் அறியாமையை அகற்றுவதும், அப்பிள்ளையைக் களவின் வாயிலில் நில்லாமல் காப்பதும் சாத்திர தானத்தின் பயனிலிருந்து வேறானவை என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். புட்பதந்தர், பூதபலி ஆகிய ஆசாரியர்கள் ஆகமத்தை ஏட்டில் ஏற்றி நிறைவுசெய்த நாளாக நாம் போற்றும் சுருத பஞ்சமி, வைகாசி ஆனி மாதங்களில் வருகிறது. பழைய மாணவர் விடுதியை விட்டு வெளியேறுவதும் புதிய மாணவர் நூல் தேடுவதும் ஏறத்தாழ அக்காலமே. அன்று நம் ஊர் ஜினாலயங்களில் சுவடிகளுக்குப் பூசை செய்கிறோம். அதே நாளில், படித்து முடித்த பாடநூல்களையும் ஒவ்வொரு குடும்பமும் ஆலயத்திற்குக் கொண்டுவரட்டும். ஒரு தடித்த குறிப்பேட்டில் நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றைப் பதிந்து, அலமாரி ஒன்றில் அடுக்குவோம். வேண்டுவோர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, படிப்பு முடிந்ததும் திருப்பித் தரட்டும். சமயம் பாராமல் ஊரில் படிக்கும் எப்பிள்ளைக்கும் அது திறந்திருக்கட்டும். நன்கொடை அளிப்பவர் ஆண்டுதோறும் பெரும் விலையுள்ள நூல் ஒன்றையேனும் புதிதாக, உரிய விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கட்டும். அவ்வகையில் நூலாசிரியர் பங்கும் குறையாது.

இதற்குக் கட்டடம் வேண்டா, பெருநிதி வேண்டா. ஓர் அலமாரியும், பொறுப்பாக ஏட்டைக் காக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் போதும். நம் ஊர்களில் இரண்டாமவர்க்குப் பஞ்சமில்லை.

வரும் சுருத பஞ்சமிக்குள் ஒவ்வொருவரும் ஏணி வைத்துப் பரண்மேல் ஒருமுறை ஏறிப் பார்ப்போம்.